இரண்டு ‘அல்லது’களும் ஒரு கையெழுத்தும்

மலேசிய மாநிலச் சட்டமன்றங்களில் அமர்ந்திருக்கும் தமிழ் அறிந்த உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

பெற்றோரில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுப் பிள்ளைகளை மதம் மாற்றும் விவகாரம் தலைதூக்கும்போதெல்லாம் நீங்கள் தமிழில் அறிக்கை விடுகிறீர்கள். “இது சமயம் தொடர்பானது, மாநிலத்தின் அதிகாரம், எங்கள் கையில் இல்லை” என்பதே அவற்றில் பாதியின் சாரம். அதனால் உங்களுக்கும் தமிழிலேயே எழுதுகிறோம். மாநிலத்தின் அதிகாரம் என்பது சரி. அந்த மாநிலத்தின் சட்டமன்றத்தில்தான் உங்களுக்கு நாற்காலி இருக்கிறது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, இரண்டாம் பட்டியல், முதல் உருப்படி: இஸ்லாமியச் சட்டம் மாநிலங்களுக்கு உரியது. ஆகவே மதமாற்றப் பதிவு எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைத்திருப்பது நாடாளுமன்றம் அன்று, நீங்கள் அமரும் அவை. திருத்த வேண்டியதும் அதே அவைதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மதமாற்றத்தைத் தடுக்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் தெரிந்து, விரும்பி இஸ்லாத்தைத் தழுவினாலும், கிறிஸ்துவத்துக்குப் போனாலும், எந்தச் சமயமும் வேண்டாமென்று இருந்தாலும் அது அவருடைய முடிவு. அரசமைப்பின் 11(1)ஆம் விதி ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. எங்கள் கவலை பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளைப் பற்றியது. அப்படி மாற்றப்பட்ட பிள்ளை பெரியவராகி வெளியே வர நினைக்கும்போது எதிர்ப்படும் கதவைப் பற்றியது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்க்க, உங்கள் மாநிலத்தின் இஸ்லாமிய சமய நிர்வாகச் சட்டத்தை எடுங்கள். மலாய்ப் பிரதியையே எடுங்கள். பேராக்கில் அது 2004ஆம் ஆண்டுச் சட்டம், 106ஆம் பிரிவு. பெர்லிஸில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், 117ஆம் பிரிவு. கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களுக்கு நாடாளுமன்றமே இயற்றிய 1993ஆம் ஆண்டின் 505ஆம் சட்டம், 95ஆம் பிரிவு. மதம் மாறும் தகுதி யாருக்கு உண்டு என்று இந்தப் பிரிவுகள் சொல்கின்றன. பதினெட்டு நிரம்பியவர் தாமே மாறலாம். நிரம்பாதவர் என்றால் யார் சம்மதிக்க வேண்டும் என்ற இடத்தில்தான் பேராக் சட்டம் “இபு அத்தாவ் பாபா அத்தாவ் பெஞ்சாகா” என்கிறது. தாய் அல்லது தந்தை அல்லது பாதுகாவலர். ஒரே வரியில் இரண்டு ‘அத்தாவ்’, அதாவது இரண்டு ‘அல்லது’. ஒரு குடும்பத்தை இரண்டாகப் பிளக்க முதல் ‘அல்லது’ போதும். இரண்டாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்; அதைத்தான் எல்லாரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எல்லா மாநிலங்களிலும் ஒரே வாசகம் இல்லை. சிலவற்றில் ‘டான்’, அதாவது ‘மற்றும்’. வேறு சிலவற்றில் ‘அத்தாவ்’. பெர்லிஸில் ‘டான்’ இருந்த இடத்தில் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக ‘அத்தாவ்’ வந்தது. ஒரு சட்டமன்றம் நினைத்தால் இந்தச் சொல்லை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மாற்றியிருக்கிறார்கள், எதிர்த் திசையில்.

இந்த ஒரு சொல் வீட்டுக்குள் என்ன செய்கிறது? 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்த ஒரு தம்பதி. வீட்டில் சண்டை முற்றுகிறது. ஒருவர் மாநில இஸ்லாமிய சமய இலாகாவுக்குப் போய் இஸ்லாத்தைத் தழுவுகிறார். அது அவர் உரிமை. சில நாளோ சில வாரமோ கழித்து, அதே முகப்பில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை நீட்டுகிறார். பிள்ளைகள் அங்கே இருக்கக்கூட வேண்டியதில்லை என்பதுபோலக் காரியம் நடந்த வழக்கு உண்டு. ‘அல்லது’ இருப்பதால் ஒரு கையெழுத்து போதுமென்று அதிகாரி எடுத்துக்கொள்கிறார். மதமாற்றச் சான்றிதழ் வந்துவிடுகிறது. அடுத்து ஷரியா நீதிமன்றம். பிள்ளைகளும் முஸ்லிம், மனு கொடுத்தவரும் முஸ்லிம் என்பதால் பராமரிப்பு உரிமைக்கான மனு அங்கே ஏற்கப்படுகிறது. மதம் மாறாத மனைவியோ கணவரோ அந்த நீதிமன்றத்தில் தரப்பாக நிற்க முடியாது, ஏனென்றால் அதன் அதிகாரம் இஸ்லாத்தைப் பின்பற்றுபவர்கள்மீது மட்டும். எதிர்த்தரப்பு இல்லாமலே உத்தரவு பிறக்கிறது.

அவர் சிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார். அங்கே அவருக்குச் சாதகமாக இன்னோர் உத்தரவு. ஒரே பிள்ளைக்கு இரண்டு நீதிமன்றங்களின் இரண்டு காகிதங்கள். காவல் நிலையத்துக்கு எடுத்துப்போனால், எதை நிறைவேற்றுவதென்று தெரியவில்லை என்ற பதில் கிடைக்கிறது. அதற்குள் பிள்ளை வேறு மாநிலத்துக்குப் போயிருக்கும். பள்ளியில் நன்னெறிப் பாடத்திலிருந்து எடுத்து இஸ்லாமியக் கல்வி வகுப்பில் உட்காரவைத்திருப்பார்கள். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கும்போது அதில் ‘இஸ்லாம்’ என்று அச்சாகும். இருபத்தைந்து வயதில் அந்தப் பிள்ளை முஸ்லிம் அல்லாத ஒருவரைத் திருமணம் செய்யப் பதிவகத்துக்குப் போனால், 1976ஆம் ஆண்டுச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது என்று திருப்பி அனுப்புவார்கள். பால் குடிக்கும் வயதில் யாரோ போட்ட கையெழுத்து, மணமேடை வரை துரத்தும்.

இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் இந்த வரிசையில் ஏறக்குறைய எல்லாம் நடந்தன. 2009 மார்ச்சில், பேராக்கின் ஈப்போவில், கணவர் மதம் மாறினார். ஏப்ரலில் மூன்று பிள்ளைகளுக்கும் மதமாற்றச் சான்றிதழ். மூத்தவர்களுக்கு 12, 11 வயது. கடைசிக் குழந்தைக்கு 11 மாதம். தாய்க்குத் தெரியாது, பிள்ளைகள் அந்த இடத்தில் இல்லை. அதே ஆண்டு ஷரியா நீதிமன்றம் தந்தையிடம் பராமரிப்பு உரிமையைக் கொடுத்தது. 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் தாயிடம் கொடுத்தது. 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் மதமாற்றத்தை ரத்து செய்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதைப் புரட்டிப் போட்டது. 2018 ஜனவரி 29ஆம் நாள், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாயின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

அந்தத் தீர்ப்பை நீங்கள் வாழ்த்தி அறிக்கை விட்டிருக்கலாம். அதில் உங்கள் அவைக்கு வேலை வைக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, அரசமைப்பின் 12(4)ஆம் விதி. பதினெட்டு வயது நிரம்பாதவரின் சமயத்தை அவருடைய பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வார் என்கிறது அது. ஆங்கில மூலத்தில் பெற்றோர் என்ற சொல் ஒருமையில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ‘ஒருவர் போதும்’ என்று 2007இல், கணவர் மதம் மாறிய சுபாஷினி என்பவரின் வழக்கில், சொல்லப்பட்டது. 2018 அமர்வு அதை ஏற்கவில்லை. ஒருமைச் சொல் பன்மையையும் குறிக்கும் என்று அரசமைப்பின் பதினொன்றாம் அட்டவணை சொல்வதையும், தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை தரும் 1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவலர் சட்டத்தையும் சேர்த்துப் படித்து, இருவரும் உயிருடன் இருக்கும்போது இருவருடைய சம்மதமும் வேண்டும் என்றது.

இரண்டு, பேராக் சட்டத்தின் 96ஆம் பிரிவு. மதம் மாறுபவர் கலிமாவின், அதாவது இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியின், இரு வாக்கியங்களையும் புரியும்படியான அரபியில் சொல்ல வேண்டும். பொருள் தெரிந்து சொல்ல வேண்டும். தம் விருப்பத்தில் சொல்ல வேண்டும். 11 மாதக் குழந்தை எதைச் சொல்லியிருக்கும்? மூத்தவர்களும் அங்கே வரவில்லை. ஆகவே இலாகாவின் சொந்தச் சட்டப்படியே அந்தப் பதிவு செல்லாது. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் இது இஸ்லாத்துக்கு எதிரான வாதம் அன்று. இஸ்லாமிய நிர்வாகச் சட்டமே மனமார்ந்த ஒப்புதலைக் கேட்கிறது. அதைக் கேட்காமல் முத்திரை குத்தியது அலுவலகம்.

மூன்று, ‘சான்றிதழே இறுதிச் சான்று’ என்று சொல்லும், அதே பேராக் சட்டத்தின் 101ஆம் பிரிவு. மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் காட்டித்தான் வழக்கை மூடியது. சான்றிதழில் இருப்பது உண்மை என்று கொள்ளலாம், ஆனால் சட்டப்படி வழங்கப்பட்டதா என்று சிவில் நீதிமன்றம் ஆராய்வதை அது தடுக்காது என்று கூட்டரசு நீதிமன்றம் திருத்தியது. உங்கள் மாநிலச் சட்டத்திலும் இதுபோன்ற பிரிவு இருந்தால் அடிக்கோடிட்டு வையுங்கள்.

தீர்ப்புதான் வந்துவிட்டதே, இனி எதற்குச் சட்டத் திருத்தம் என்று கேட்பீர்கள். பலரும் கேட்கிறார்கள். இலாகாவின் முகப்பில் இருக்கும் எழுத்தர் கையில் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு இல்லை, மாநிலச் சட்டம் இருக்கிறது. லோ சியூ ஹோங் வழக்கைப் பாருங்கள். அந்தத் தாயின் மூன்று பிள்ளைகள் பெர்லிஸில் மதம் மாற்றப்பட்டது 2020 ஜூலையில். கூட்டரசு நீதிமன்றம் ‘இருவர் சம்மதம்’ என்று சொல்லி இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. 2023 மேயில் உயர் நீதிமன்றம் தாயின் மனுவைத் தள்ளியது. 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மதமாற்றத்தை ரத்து செய்தது. மேலே போக மாநிலத் தரப்பு கேட்ட அனுமதியை 2024 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் மறுத்தது. ஏற்கெனவே தீர்த்துவைத்த கேள்வி ஒன்றுக்கு மீண்டும் பதில் வாங்க ஒரு தாய்க்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். சட்டப் புத்தகத்தில் பழைய சொல் இருக்கிறவரை, ஒவ்வொரு தாயும் இதே படிகளை முதலிலிருந்து ஏற வேண்டும்.

தீர்ப்பு கிடைத்தாலும் பிள்ளை கிடைத்துவிடும் என்பதில்லை. இந்திரா காந்தி வழக்கில் கடைசிக் குழந்தையை 2009இலேயே தந்தை தூக்கிப் போய்விட்டார். 2014இல் அவரைப் பிடிக்க நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. 2016இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த ஆணையை நிறைவேற்றும்படி காவல்துறைக்குச் சொன்னது. 2018 தீர்ப்பு வந்து ஏழாண்டு முடிந்த பிறகும் அந்தத் தாயின் கையில் தீர்ப்பு நகல் மட்டுமே இருந்தது. நெகிரி செம்பிலானில் தீபா வழக்கில், 2014 ஏப்ரலில் சிவில் நீதிமன்றம் பிள்ளைகளைத் தாயிடம் கொடுத்த இரண்டே நாளில் தந்தை மகனைத் தூக்கிச் சென்றார். தவறு தொடங்குவது முகப்பில். அங்கே நிறுத்தாவிட்டால் மேலே எந்த மாடியிலும் முழுமையாக நிறுத்த முடிவதில்லை.

மத்திய அரசு முயன்று பார்க்காமல் இல்லை. 2009 ஏப்ரலில் அமைச்சரவை, திருமணத்தின்போது பெற்றோர் பின்பற்றிய சமயத்திலேயே பிள்ளைகள் தொடர வேண்டும் என்று முடிவெடுத்து அறிவித்தது. அறிவிப்போடு நின்றது. 2016 நவம்பரில் திருமண, மணமுறிவுச் சட்டத் திருத்த மசோதாவில் 88ஏ என்ற பிரிவு வந்தது: ஒருவர் மதம் மாறினால் பிள்ளைகளின் சமயம் முன்பு இருந்ததே, பெற்றோர் இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் மாறலாம். 2017 ஆகஸ்டில் அந்த மசோதாவையே மீட்டுக்கொண்டு, 88ஏ இல்லாத வேறொன்றை நிறைவேற்றினார்கள். மிஞ்சியதில் பயன் இல்லாமல் போகவில்லை. முன்பு மதம் மாறாதவர் மட்டும்தான், அதுவும் மூன்று மாதம் காத்திருந்து, 51ஆம் பிரிவின்கீழ் மணமுறிவு கேட்க முடியும். இப்போது மாறியவரும் கேட்கலாம். அந்தத் திருத்தம் 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளைகள் கதை மட்டும் அப்படியே நின்றது. 88ஏ ஒருவேளை நிறைவேறியிருந்தாலும், மாநிலச் சட்டத்தில் ‘அத்தாவ்’ இருக்கிறவரை இரண்டு சட்டங்கள் மோதிக்கொண்டுதான் இருந்திருக்கும். சுற்றிச் சுற்றி உங்கள் வாசலுக்கே வருகிறது.

இப்போது அந்த இரண்டாவது ‘அல்லது’.

“இபு அத்தாவ் பாபா” என்பதை “இபு டான் பாபா” என்று மாற்றினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. திருத்திய பின் வரி “தாய் மற்றும் தந்தை, அல்லது பாதுகாவலர்” என்று நிற்கும். பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் தந்தை நாளை வந்து, “நான் பெற்றோர் என்ற முறையில் வரவில்லை, பாதுகாவலர் என்ற முறையில் வந்திருக்கிறேன்” என்பார். எதிர்த்தரப்பு இல்லாமல் வாங்கிய பராமரிப்பு உத்தரவையும் காட்டுவார். முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்துவைத்த கதை. ஆகவே பாதுகாவலர் என்ற சொல்லுக்கு வரையறை கட்டாயம். நாங்கள் பரிந்துரைக்கும் வாசகத்தின் பொருள் இது:

“பதினெட்டு வயது நிரம்பாதவரின் தாய், தந்தை இருவரும் உயிருடன் இருப்பின் இருவரும் எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும், ஒருவர் இறந்திருப்பின் உயிருடன் இருப்பவர் சம்மதிக்க வேண்டும், இருவரும் இல்லாதபோது மட்டும், நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் சம்மதிக்க வேண்டும். தாயோ தந்தையோ இப்பிரிவின் நோக்கத்துக்குப் பாதுகாவலர் ஆகார்.”

கடைசி வாக்கியம்தான் பூட்டு. அதை விட்டுவிட்டு முதல் பகுதியை மட்டும் நிறைவேற்றிவிட்டு மாலை போட்டுக்கொள்ள வேண்டாம்.

இதற்கு எதிராக நியாயமான கேள்வி ஒன்று வரும். ஒரு பெற்றோர் பத்தாண்டுக்கு முன்பே ஓடிப்போய்விட்டார், முகவரியே தெரியாது என்றால்? உண்மையான சிக்கல்தான். அதற்கு உயர் நீதிமன்றத்தில் மனு கொடுத்து, தேடிய விவரங்களைக் காட்டி, அந்த ஒருவர் சம்மதத்தை விலக்கக் கேட்கும் வழியைச் சட்டத்திலேயே வைக்கலாம். விலக்கைத் தீர்மானிப்பவர் பதிவு செய்யும் அதிகாரியாக இருக்கக்கூடாது என்பது மட்டுமே எங்கள் வலியுறுத்தல். பிரிந்து வாழ்வது, கோபமாக இருப்பது, தொலைபேசியை எடுக்காதது எல்லாம் ‘காணவில்லை’ ஆகிவிடக்கூடாது.

இன்னொரு கேள்வி, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை தானே விரும்பினால் என்ன? 1990இல் அன்றைய உச்ச நீதிமன்றம் தியோ எங் ஹுவாட் வழக்கில், பதினெட்டு நிரம்பாத மகள் தானே இஸ்லாத்தைத் தழுவியதை ஆராய்ந்து, அந்த வயதில் முடிவெடுப்பவர் பெற்றோரே என்றது. இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பதினேழு வயதுப் பெண்ணின் மனத்தை வெறுமனே ஒதுக்கிவிடுவது சிலருக்கு உறுத்துகிறது. ஆனால் சட்டம் அந்த வயதில் பிள்ளையின் சொந்த விருப்பத்தையே ஏற்கவில்லை என்றால், ஒரு பெற்றோரின் விருப்பத்தை மட்டும் ஏற்க எந்த நியாயமும் இல்லை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

சட்டத் திருத்தத்துக்கு மாநில அமைச்சரவையான ஆட்சிக்குழு வேண்டும், சமய மன்றத்தின் கருத்து வேண்டும், மாநில ஆட்சியாளரின் ஒப்புதல் வேண்டும். காலம் எடுக்கும், தெரியும். அதுவரை படிவத்தைத் திருத்தலாம். படிவம் நிர்வாக விஷயம். பதினெட்டுக்குக் கீழ் உள்ளவருக்கான விண்ணப்பத்தில் இவை இருக்கும்படி ஆட்சிக்குழு மூலம் கேளுங்கள்: பிறப்புச் சான்றிதழில் உள்ள இரு பெற்றோர் பெயருக்கும் எதிரே தனித்தனிக் கையெழுத்துக் கட்டம்; வராத பெற்றோரின் கையெழுத்து என்றால் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் இட்டது; எந்த நீதிமன்றத்திலாவது மணமுறிவோ பராமரிப்பு உரிமையோ நடப்பில் உள்ளதா என்ற கேள்வி, இருந்தால் உத்தரவின் நகல்; பிள்ளை நேரில் வந்தது என்று அதிகாரி எழுதும் குறிப்பு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சான்றிதழ் கிடையாது, மற்றப் பெற்றோருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போக வேண்டும். கூட்டுறவுக் கடன் வாங்கவே இரண்டு ஜாமீன்தாரரைக் கேட்கும் நாட்டில் இது அதிகப்படியா என்று நீங்களே சொல்லுங்கள்.

வெளியே போகும் கதவுக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசத்தான் எல்லாருக்கும் தயக்கம்.

2007 மே 30இல், இஸ்லாத்திலிருந்து விலகிய லினா ஜாய் என்ற பெண்ணின் வழக்கில், கூட்டரசு நீதிமன்றம், அடையாள அட்டையிலிருந்து ‘இஸ்லாம்’ என்ற சொல்லை எடுக்க ஷரியா நீதிமன்றத்தின் உத்தரவைத் தேசியப் பதிவுத் துறை கேட்கலாம் என்று, இரண்டுக்கு ஒன்று கணக்கில், சொன்னது. அதாவது விலக விரும்புபவர், எதிலிருந்து விலக விரும்புகிறாரோ அதன் நீதிமன்றத்தில்தான் அனுமதி பெற வேண்டும். நெகிரி செம்பிலானின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் 119ஆம் பிரிவில் இதற்குப் படிகளை எழுதிவைத்திருக்கிறது. ஷரியா உயர் நீதிமன்றத்தில் மனு, மனம் திரும்பும்படி நீதிபதியின் அறிவுரை, மறுத்தால் வழக்கை 90 நாள் ஒத்திவைத்து வழிகாட்டல் அமர்வுகள், அதன் பிறகும் நம்பிக்கை இருப்பதாக நீதிமன்றம் நினைத்தால் மேலும் ஓர் ஆண்டு வரை ஒத்திவைப்பு, கடைசியில் அறிவிப்பு. நீளம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் வழி. மலாக்காவில் சட்டம் இன்னும் கடுமை. விலக முயல்பவரை வழிகாட்டல் மையத்தில் 180 நாள் வரை வைத்திருக்க அது இடம் தருகிறது. முஸ்லிமாகப் பதிவாகி, இந்துப் பாட்டியிடம் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் அந்த 180 நாளையும் 2007இல் கழித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

இங்கே ஒரு வேறுபாட்டை நீங்கள் மனத்தில் வைக்க வேண்டும். முகப்புகளிலும் சில வழக்கறிஞர் அறைகளிலும்கூட இதைக் குழப்புகிறார்கள். ‘முஸ்லிமாக இருந்தேன், விலகுகிறேன்’ என்பது ஒன்று. ‘நான் ஒருபோதும் சட்டப்படி முஸ்லிம் ஆகவில்லை’ என்பது வேறு. முதலாவது ஷரியா நீதிமன்றத்துக்கு உரியது. இரண்டாவதைச் சிவில் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் ரோஸ்லிசா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தெளிவாக்கியது. ஒரு கையெழுத்தில் மாற்றப்பட்ட பிள்ளையின் பதிவு, 2018 தீர்ப்பின்படி, தொடக்கத்திலிருந்தே செல்லாதது. அவர் இரண்டாவது வகை. பெரியவரானதும் அவரை விலகல் மனு போடச் சொல்வது, உள்ளே வராதவரிடம் வெளியே போகும் சீட்டைக் கேட்பது. விவரம் தெரியாமல் ஷரியா நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டால், தாம் முஸ்லிம் என்று தாமே ஒத்துக்கொண்டதாக அது பின்னால் எதிராகப் பேசப்படும் அபாயம் உண்டு. உங்கள் சேவை மையத்துக்கு இப்படி ஒருவர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது பிறப்புச் சான்றிதழும், மதமாற்றச் சான்றிதழின் நாளும், அன்று அவருடைய வயதும், கையெழுத்திட்டவர் யார் என்பதும். பிறகுதான் எந்த நீதிமன்றம் என்ற பேச்சு.

மாநிலச் சட்டத் திருத்தத்தில் இதற்கும் ஒரு துணைப்பிரிவு வேண்டும்: ஒருவர் சம்மதத்தில் மட்டும் பதிவான சிறாரின் பெயரை, சான்றுகள் காட்டப்பட்டால், பதிவதிகாரியே பதிவேட்டிலிருந்து நீக்கித் தேசியப் பதிவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

நம் பக்கத்து அழுக்கையும் சொல்லாவிட்டால் இந்த மடல் அரைகுறை. இருபத்திரண்டு வயது மகள் விரும்பி மதம் மாறினால், ‘கடத்திவிட்டார்கள்’ என்று காவல் நிலையத்தில் புகார் எழுதும் குடும்பங்கள் நம்மில் உண்டு. நீங்களும் உடன் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்காமலே ‘மூளைச்சலவை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். கிறிஸ்துவரான மகனின் கையால் கொள்ளி வைக்க விடாத சித்தப்பாக்களும் இருக்கிறார்கள். ஒருவரை ஒரு சமயத்துக்குள் தள்ளுவது எப்படி அழுத்தமோ, ஒரு சமயத்துக்குள்ளேயே பூட்டிவைப்பதும் அழுத்தம்தான். முஸ்லிம் ஒருவரை மணக்க விரும்புபவருக்கு இந்த நாட்டில் சிவில் திருமண வழி இல்லை. மதம் மாறித்தான் ஆக வேண்டும். அப்படி மாறி, மணம் முறிந்து, வீட்டுக்குத் திரும்ப நினைப்பவரைக் குடும்பமும் ஏற்காது, காகிதமும் விடாது. அவர்களுக்காக அறிக்கை விட்ட சட்டமன்ற உறுப்பினரை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்டுப் பதிவு செய்யாத திருமணங்கள் இன்னும் நடக்கின்றன. 1982 மார்ச்சிலிருந்து பதிவு கட்டாயம். விவகாரம் வெடிக்கும் நாளில், தாம் மனைவி என்று நிறுவவே அந்தப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் ஆகும். உங்கள் தொகுதிக் கோயில் நிர்வாகங்களிடம் பதிவுச் சான்றைப் பார்த்த பிறகே மண்டபம் தரும்படி சொல்ல எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

அடுத்த கூட்டத்தொடருக்கு எழுத்துமூலக் கேள்வி ஒன்றை உங்கள் வசதிக்காக எழுதித் தருகிறோம். மலாயில் பெயர்த்துச் செயலகத்தில் கொடுத்துவிடலாம்:

“2018 ஜனவரி 29க்குப் பிறகு இம்மாநிலத்தில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் மதமாற்றப் பதிவுகள் ஆண்டுவாரியாக எத்தனை? அவற்றில் ஒரு பெற்றோரின் சம்மதம் மட்டும் உள்ளவை எத்தனை? அவ்வாறானவற்றில் மற்றப் பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டவை எத்தனை? கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்புக்கு ஏற்ப நிர்வாகச் சட்டத்தைத் திருத்தும் மசோதா எந்தக் கூட்டத்தொடரில் தாக்கல் செய்யப்படும்?”

நான்காவது கேள்விக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். முதல் மூன்றுக்கும் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். அந்த எண்கள் அவைக் குறிப்பில் ஏறிய பிறகு மசோதாவைப் பற்றிப் பேசுவோம். வரைவு வாசகம் மேலே இருக்கிறது.

இப்படிக்கு,
குடும்பச் சட்டக் கோப்புகளைப் பார்த்துவரும் சிலர்